முப்பத்தெட்டு மிளகு

பெரில் வீட்டுக்கு வருவதற்கும் வராமல் போவதற்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர் சுவர் இருந்தது.

அவளுடைய சக்கர நாற்காலியின் அகலம் அறுபத்தாறு. அவள் வீட்டுக் குளியலறைக் கதவின் அகலம் அறுபத்தொன்று. நாற்காலி இடிபடாமல் போய்வர எழுபத்தொன்று வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து வந்த பெண் அளந்து எழுதிக்கொண்டு போனாள். அக்டோபர் முதல் திங்கட்கிழமைக்குள் கதவு அகலமாக வேண்டும். ஆகாவிட்டால் பெரிலை வளைகுடாவின் அக்கரையில், பேரோவில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனையில் அவள் படுத்திருக்கும் கட்டில் வேறொருவருக்கு வேண்டுமாம்.

பெரிலும் அவள் கணவர் நார்மன் ஹோல்டனும் வடக்கு இங்கிலாந்தின் மோர்கமில், கடலைப் பார்த்த கர்லியூ கோர்ட் குடியிருப்பில், இரண்டாம் எண் வீட்டில் இருப்பவர்கள். நேர் மேலே ஐந்தாம் எண் வீடு என்னுடையது. என்னுடையது என்றுதான் இருபத்தொன்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தேன். தபால் அலுவலகக் கவுண்டரில் ஆயுள் முழுக்க முத்திரை குத்திய தெல்மா நான். படிவம் என்றால் எனக்குப் பயம் கிடையாது என்றும் சொல்லிவந்தேன்.

நார்மன் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பெரிலுக்குப் பக்கவாதம் வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போய்வந்தார். கதவு விஷயம் தெரிந்த அன்றே ஒரு தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் சுவரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சுவரு யாரோடது?"

"என்னோடதுதான். முப்பத்தெட்டு வருஷமா நான்தானே வால்பேப்பர் ஒட்டிட்டிருக்கேன்."

"எதுக்கும் பத்திரத்த ஒரு தடவ பாத்துடுங்க பெரியவரே. போன மாசம் ஒருத்தரு இப்படித்தான் சொன்னாரு. சன்னலை மாத்திக் குடுத்தேன். நல்ல சன்னல். இப்ப அவரு மக வீட்டுல இருக்காரு."

பத்திரத்தைப் பார்த்தோம். முப்பத்தோரு பக்கம். எங்கள் ஊரில் வீடு வாங்கும் யாரும் அதைப் படிப்பதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, டீ போடக் கெட்டில் எங்கே என்று தேடுவதுதான் வழக்கம். வீட்டை வாங்கினோம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம் என்று பத்திரம் நினைத்திருந்தது. மனையும் கட்டடமும் வெய்ன்ஸ்காட் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனியுடையவை. சுவரில் கை வைக்க அவர்களுடைய அனுமதி வேண்டும். நார்மன் பணிவாகக் கடிதம் எழுதினார்.

ஏழு வாரம் கழித்து, நானும் நார்மன் வீட்டில் இருந்தபோது, கம்பெனியிலிருந்து மிஸ்டர் சாலோனர் வந்தார். அழைப்பு மணியை அடித்துவிட்டுக் காத்திருந்தார். மெல்லிய குரல், சாம்பல் நிறக் கோட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்போல ஒரு முகம்.

"சாவி எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு மிஸ்டர் ஹோல்டன். எல்லா வீட்டுக்கும் இருக்கு. ஆனாலும் மணி அடிக்கிறதுதானே மரியாதை" என்றார். பிறகு வாசலிலேயே குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"பரவால்ல, போட்டுக்கிட்டே வாங்க" என்றார் நார்மன்.

"கூடாது. கம்பளம் உங்களோடது. அடுத்தவங்க கம்பளத்துல நான் ஷூ போட்டு நடந்ததே இல்ல. அது கம்பெனியோட முதல் விதி."

காலுறையோடு வீடு முழுக்க நடந்தார். கையில் ஒரு சிறு கருவி. அதிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி புறப்பட்டுச் சுவர்களில் ஊர்ந்தது. அது எங்கே நின்றாலும் அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெயின்ட் உங்களுடையது. பூச்சு உங்களுடையது. பூச்சுக்குப் பின்னால் இருக்கும் செங்கல் எங்களுடையது. சன்னல் கண்ணாடி உங்களுடையது, சட்டம் எங்களுடையது. தரைப்பலகை உங்களுடையது, அதைத் தாங்கும் உத்தரம் எங்களுடையது.

கூடத்தில் நார்மன்-பெரில் கல்யாணப் படத்தின் மேல் புள்ளி நின்றது.

"இந்தப் படம் உங்களோடது. ஆணியில முதல் ரெண்டு சென்டிமீட்டர் உங்களோடது. மீதி எங்க செங்கல்லுக்குள்ள இருக்கு. நாங்க அதப் பெரிசு பண்ணல."

"ரொம்ப நன்றி" என்றார் நார்மன். கிண்டல் இல்லை, நிஜமாகவே நன்றி சொன்னார்.

"அப்ப நடுவுல இருக்கிற இந்தக் காத்து?" என்று நான் கேட்டேன்.

"அது உங்களோடது அம்மா, பத்திரம் முடியற வரைக்கும். அப்புறம் அதுவும் எங்ககிட்ட வந்துடும். அவசரமில்ல. காத்திருக்கிறதுதான் எங்க தொழிலே."

கதவைப் பற்றி அவரே பேச்செடுத்தார். அனுமதி கொடுப்பதில் கம்பெனிக்குத் தடையே இல்லை. சக்கர நாற்காலிகள் மீது கம்பெனிக்கு மிகுந்த பரிவு உண்டு. ஆனால் பத்திர விதியை மீறியவர்களுக்கு அனுமதி கொடுக்க முடியாது.

"நான் என்னத்த மீறினேன்?" என்று கேட்டார் நார்மன்.

சாலோனர் பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆண்டு வாடகை: ஒரு மிளகு, கேட்டால்.

எங்கள் ஊரில் இது பழைய வழக்கம்தான். பேருக்கு ஒரு வாடகை இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்திரக்காரர்கள் ஒரு மிளகு என்று எழுதிவைப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் கொடுக்க மாட்டார்கள்.

"இதுவரைக்கும் யாரும் கேக்கலியே" என்றார் நார்மன்.

"வருஷா வருஷம் கேட்டிருக்கோம். மாடிப்படிக்குக் கீழ மீட்டர் அலமாரி இருக்குல்ல, அதுக்குள்ள அறிவிப்பு ஒட்டியிருக்கோம்."

"அது பூட்டியே இருக்குமே. சாவி உங்ககிட்டதானே?"

"ஆமா" என்றார் சாலோனர், ஒரு நல்ல மாணவனைப் பார்த்ததுபோல. "அறிவிப்பு பத்திரமா இருக்கணுமில்லியா. முப்பத்தெட்டு வருஷம், முப்பத்தெட்டு மிளகு. அது தீராம கதவு இல்ல. வேணும்னே தீர்க்கலன்னு ஆச்சுன்னா..." அவர் முகத்தில் துக்கம் இன்னும் கொஞ்சம் கூடியது. "வீட்ட நாங்க திருப்பி எடுத்துக்கிற மாதிரி ஆகிடும். நாங்க யாரும் அத விரும்பறதில்ல. ஆனா நடக்குது."

ஷூவைப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் நார்மனோடு மருத்துவமனைக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல, பெரில் ஒரு பக்கம் மட்டும் அசையும் வாயால் சிரித்தாள்.

"என் சமையல்ல காரமே இல்லன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருந்தியே. இப்பப் பாரு, மிளகு கேட்டு ஒரு கம்பெனியே வந்திருக்கு."

"சிரிக்காத பெரில். நாளைக்கே அனுப்பிடறேன்."

"எத அனுப்புவ?"

"மிளகுதான். வீட்டுல இருக்குல்ல, டின்னுல."

"பாத்துச் செய் நார்மன்." சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சன்னல் பக்கம் பார்த்தாள். தெளிந்த நாட்களில் அங்கிருந்து அக்கரை தெரியும். "பக்கத்துக் கட்டில்ல இருந்தாளே ஐவி, அவள அங்கதான் கொண்டுபோனாங்க. அவ சொந்த நாற்காலியக்கூட எடுத்துட்டுப் போக விடல. ரெண்டு வாரம்னு சொன்னாங்க தெல்மா. ஜூன் கடைசில."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன். வேறென்ன செய்ய?

பார்த்துச் செய் என்றாள். நார்மன் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்தில் மிளகு என்றால் எழுபது வயதுக்காரர்களுக்கு ஒன்றே ஒன்றுதான்: சிப்ஸ் மேல் தூவும் வெள்ளைத் தூள். அது ஒரு காலத்தில் உருண்டையாக இருந்தது என்பது நார்மனுக்குத் தோன்றவே இல்லை. புது டின் ஒன்றை வாங்கி, "முப்பத்தெட்டுக்கு மேலேயே இருக்கும், மீதியை வைத்துக்கொள்ளவும்" என்று ஒரு சீட்டு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். சீட்டை நான்தான் திருத்திக் கொடுத்தேன். எனக்கும் தோன்றவில்லை.

பதில் நான்கே நாளில் வந்தது. ஒரு டின் தூள் கிடைக்கப்பெற்றோம். தூளில் எத்தனை மிளகு இருந்தன என்று கண்டறிய எங்கள் வல்லுநரால் இயலவில்லை. மேலும் பத்திரம் கூறுவது மிளகு. சிதைக்கப்பட்ட மிளகு அன்று. வாடகையைச் சிதைத்த நிலையில் செலுத்தியது இரண்டாவது மீறலாகக் குறிக்கப்படுகிறது. கடைசி வாய்ப்பாக, செப்டம்பர் இருபத்தொன்பது, மைக்கல்மஸ் நாளன்று, சூரிய அஸ்தமனத்துக்கு முன்பாக, முழு மிளகு முப்பத்தெட்டையும் பிரெஸ்டன் அலுவலகத்தில் நேரில் செலுத்தவும்.

மைக்கல்மஸ் என்பது எங்கள் ஊரில் பழங்காலத்திலிருந்து வாடகை கட்டும் நாள்; அந்த வருடம் அது ஒரு வெள்ளிக்கிழமை. பெரிலுடைய கெடு அதற்கடுத்த திங்கள்.

நார்மன் முழு மிளகு வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடையில் அவர் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பொறுக்கினார். அவர் பார்க்காதபோது நானும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். என் பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தை நான் முந்தின இரவே பார்த்துவிட்டேன். எனக்கு இருபத்தொன்பது மிளகு பாக்கி. யாரும் கேட்கவில்லை, ஆனால் மீட்டர் அலமாரி எல்லோருக்கும் பொது.

மைக்கல்மஸ் அன்று நார்மன் தன்னுடையதை பெரிலின் மாத்திரைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்தார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. ஆறு அறையில் ஐந்தைந்து, சனிக்கிழமையில் எட்டு. என்னுடைய இருபத்தொன்பதும் எண்ணிப் போட்ட ஒரு உறையில், கைப்பையின் அடியில்.

பிரெஸ்டன் அலுவலகத்தில் வாடகை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. போகும்போது மணி இரண்டு. எங்களுக்கு முன்னால் வரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பள்ளி ஆசிரியை கையில் வாடிய சிவப்பு ரோஜா ஒன்று வைத்திருந்தாள்.

"உங்க வாடகையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஜூன் மாசத்து ரோஜான்னு எழுதியிருக்கு. கட்ட வேண்டியது செப்டம்பர்ல. மூணு மாசமா ஃப்ரீசர்ல, பட்டாணிக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன்." அவள் அதை மூச்சுக்கூடப் படாமல் பிடித்திருந்தாள். "இதழ் உதிரக் கூடாதாம். போன வருஷம் ஒண்ணு உதிர்ந்துச்சு. அதுக்காக என் வீட்டுல ஒரு அறைய எடுத்துக்கிட்டாங்க, இப்ப நான் அதுக்குள்ள போறதில்ல."

சுவர் ஓரமாக ஒரு பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாகக் கொக்கிகள், கொக்கிகளில் சாவிகள். மேலே அழகான எழுத்தில் 'வீடு திரும்பியவை' என்று இருந்தது. ஒவ்வொரு சாவிக்கும் கீழே ஒரு அட்டை: தெருப் பெயர், எண். கடைசி வரிசையில் ஒரு கொக்கி மட்டும் காலியாக இருந்தது. அதன் அட்டையில் மை இன்னும் பளபளத்தது. கர்லியூ கோர்ட், 2.

நார்மன் அதைப் பார்த்தார். மாத்திரைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வரிசை மெதுவாக நகர்ந்ததற்குக் காரணம், மேசையில் உட்கார்ந்திருந்த சாலோனரின் உபசாரம். ஒவ்வொருவரிடமும் குடும்பம் பற்றி விசாரித்தார். நடுவில் எழுந்து நின்று, காத்திருப்பவர்களுக்கு ஆறுதலாகச் சில வார்த்தை பேசினார்.

"இந்த ஏற்பாடு பழசு, மாத்தணும்னு வெளில பேசிக்கிறாங்க. நாங்களும் அதத்தான் சொல்றோம். சீர்திருத்தத்துக்கு எங்கள மாதிரி ஆதரவு குடுத்தவங்க யாரும் இல்ல. ஒவ்வொரு விசாரணைக் குழு முன்னாலயும் போய் ஆதரிச்சிருக்கோம். எங்கப்பா ஆதரிச்சாரு, எங்க தாத்தா ஆதரிச்சாரு. சீர்திருத்தம் வந்துட்டே இருக்கு. அது வந்துட்டே இருக்கிற வரைக்கும் யாரும் எதையும் மாத்த வேண்டியதில்ல, அதான் அதுல உள்ள அழகு. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. வீடு உங்ககிட்டயே இருந்தா என்ன ஆகும்? நீங்க அதுல குடியிருப்பீங்க. ஆணி அடிப்பீங்க, நாய் வளப்பீங்க, வயசாகும், கதவ இடிப்பீங்க. எங்ககிட்ட இருந்தா வீடு வீடாவே இருக்கும்."

பின்னால் யாரோ ஒருவர், பாவம், கைதட்டினார்.

நார்மனின் முறை வந்தபோது ஆறரை ஆகிவிட்டது. சாலோனர் சிறு இடுக்கியால் மிளகை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்து எண்ணினார். ஞாயிறு, திங்கள், செவ்வாய். சனிக்கிழமை அறையின் மூடியைத் திறக்கும்போது நார்மன் கையில் பெட்டி சாய்ந்தது. ஒரு மிளகு மேசையில் உருண்டு, விளிம்பைத் தாண்டி, தரையில் விழுந்து நின்றது.

நார்மன் குனிந்தார்.

"வேணாம் மிஸ்டர் ஹோல்டன்" என்றார் சாலோனர் பரிவாக. "தரை எங்களோடது. தரையில கிடக்கிறதும் எங்களோடது. எங்க பொருள எங்ககிட்டயே எப்படி வாடகையா குடுப்பீங்க?" தட்டைப் பார்த்தார். "முப்பத்தேழு."

"இருங்க. கடை பக்கத்துலதான் இருக்கும். ஓடிப்போய்..."

ஓடுகிற கால் இல்லை அவருக்கு. சன்னல் பக்கத்தில் ஒரு உதவியாளர் திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே கூரைகளுக்கு மேல் சூரியன் ஒரு விரல் அளவு மீதியிருந்தது.

"அந்தக் கயிற இழுத்துட்டா அஸ்தமனம்" என்றார் சாலோனர். "வானத்த நம்பினா ஒவ்வொரு வருஷமும் தகராறு வருது."

நார்மன் அப்படியே நின்றார். "அவளுக்கு வலது கை நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரும் கேட்காமல். "தானே குளிச்சிடுவா. உள்ள போக மட்டும் முடிஞ்சா போதும். வேற ஒண்ணும் கேக்கல அவ."

நான் கைப்பையைத் திறந்தேன். உறையைக் கிழித்து ஒன்றை எடுத்து, உருளாமல் இருக்க விரலால் அழுத்தித் தட்டில் வைத்தேன்.

சாலோனர் என் விரலைப் பார்த்தார். பிறகு உறையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் துக்கம் இல்லை.

"முப்பத்தெட்டு" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து அனுமதிப் பத்திரத்தை எடுத்தார். அது முன்பே தட்டச்சாகி, கையெழுத்தாகி இருந்தது; தேதி ஜூலை மாதத்துடையது. ஒரு முத்திரை குத்தி நார்மனிடம் நீட்டினார். "மனப்பூர்வமான வாழ்த்துகள். உங்க மனைவிய விசாரிச்சதா சொல்லுங்க."

நார்மன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் தோளுக்கு மேலாக சாலோனர் என்னிடம் கேட்டார். "அம்மா, நீங்க? கர்லியூ கோர்ட் அஞ்சு, இல்லியா? உங்களோடதையும் கட்டத்தானே கொண்டுவந்தீங்க?"

எண்ணினார். இருபத்தெட்டு. திரைச்சீலை இறங்கியது.

"உங்க பெருந்தன்மை என்னைத் தொட்டுடுச்சு" என்றார். "எங்க படிவத்துல அதுக்கு ஒரு கட்டம் இருந்திருக்கலாம்." எழுந்துபோய்ப் பலகையில் அந்தக் காலிக் கொக்கிக்குக் கீழிருந்த அட்டையை எடுத்தார். அதைக் கிழித்துப் போடவில்லை, சிக்கனமான மனிதர். திருப்பி, பின்பக்கம் எதையோ எழுதி, அதே கொக்கிக்குக் கீழே செருகினார். நார்மன் பார்க்கவில்லை. ரயிலில் நான் சொல்லவும் இல்லை.

தச்சர் சனியும் ஞாயிறும் வேலை செய்தார். திங்கள் காலை பதினோரு மணிக்கு பெரில் வந்தாள்.

குளியலறை வாசலில் தரையில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனை அது. சுவர் கம்பெனியுடையது என்பதால், சுவர் இருந்த வெற்றிடமும் கம்பெனியுடையதாம். அதன் மேல் போகலாம், நிற்கக் கூடாது.

"இது என்ன நார்மன், பஸ் நிறுத்தமா?"

"நிறுத்தமில்ல. நிறுத்தாம போகணும்."

"உனக்கு அது பழக்கம்தானே. மழையில நான் கை காட்டக் காட்ட எத்தன நாள் நிறுத்தாம போயிருக்க."

"ஒரே ஒரு நாள் பெரில் கண்ணு. அன்னிக்கு மறுநாளே வந்து மன்னிப்புக் கேட்டு உன்னக் கட்டிக்கிட்டேன்."

அவள் வலது கையால் சக்கரத்தைத் தள்ளினாள். நாற்காலி எங்கும் இடிக்கவில்லை. உள்ளே போய்த் திரும்பி, எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"என்ன வேடிக்கை? வெளிய நில்லுங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் தன் கையால் சாத்திய முதல் கதவு. நார்மன் துண்டும் கையுமாக, மஞ்சள் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். உள்ளே குழாய் திறக்கும் சத்தத்தைச் சர்ச்சில் நிற்பவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மேல்சட்டைப் பையில் அன்று காலைத் தபாலில் வந்த உறை இருந்தது. கெட்டியான காகிதம், மூலையில் வெய்ன்ஸ்காட் எஸ்டேட்ஸ் முத்திரை. அந்த மாதிரி உறைகளை நான் ஆயிரக்கணக்கில் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். பிரிக்காமலே உள்ளே என்ன என்று தெரியும்.

"தெல்மா" என்று உள்ளிருந்து பெரில் கூப்பிட்டாள். "டீ நீ போடு. அவன் போட்டா பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்."

"இதோ" என்றேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.

அப்போதுதான் மேலே, என் வீட்டில், யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து படுக்கையறைக்கு, படுக்கையறையிலிருந்து சன்னலுக்கு, நிதானமாக. நார்மனும் தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தார்.

"மேல யாரு? விருந்தாளியா?"

நான் கெட்டிலை மூடினேன். காலடி ஒவ்வொன்றும் டக் டக்கென்று கேட்டது. மிஸ்டர் சாலோனர் ஷூவைக் கழற்றவில்லை.